மொட்டைமாடியில் ஏறிய பெயர்ப்பலகை: சேலத்தில் விதிவிலக்கை யார் தருகிறார்கள்?

சேலம் ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் 2020 ஜூனில் திறக்கப்பட்டதும் வண்டிகளில் பாதி மேலே ஏறிவிட்டன. கடைகள் கீழேயே இருக்கின்றன. பாலத்தில் போகிறவர் கண்ணுக்குத் தெரிவது கட்டடங்களின் மேல்மாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். கீழே போகிறவருக்குப் பாலத்தின் தூண்கள் பாதியை மறைக்கின்றன. தரைத்தளத்துக்கு மேலே பத்தடி உயரத்தில் இருந்த பெயர்ப்பலகை இப்போது யாருக்கும் பயன்படவில்லை என்று நினைக்கிற கடைக்காரர் என்ன செய்வார்? மொட்டைமாடியில் இரும்புச் சட்டம் அடித்து, அதில் எல்.இ.டி. எழுத்து மாட்டுவார்.

இப்போது கேள்வி வருகிறது. அது கடையின் பெயர்ப்பலகையா, விளம்பரப் பலகையா? பெயர்ப்பலகை என்றால் யாரும் பெரிதாகக் கேட்கப் போவதில்லை. விளம்பரப் பலகை என்றால் உரிமம், கட்டணம், பொறியாளர் சான்று என்று எல்லாமே வேண்டும். அது மட்டுமல்ல, சாலைச் சந்திப்புக்கு அருகில் என்பதால் உரிமமே கிடைக்காமலும் போகலாம். "பாலம் கட்டியது நான் இல்லையே, என் நிலைமை வேறு" என்று அந்தக் கடைக்காரர் முறையிட்டால், கேட்டு முடிவு சொல்ல யாருக்கு அதிகாரம்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில் சட்டம் கடைப் பலகையை எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உதாரணத்துக்கு, சென்னை மாநகராட்சிக்கான 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விளம்பர வரி பற்றிய பகுதி ஒன்று இருந்தது. விளம்பரங்களுக்கு வரி போடலாம் என்று சொல்லிவிட்டு, எதற்கெல்லாம் வரி இல்லை என்று அடுத்து அடுக்கியது. ஒரு கட்டடத்துக்குள் நடக்கும் தொழிலைப் பற்றி அதே கட்டடத்தில் வைக்கிற விளம்பரத்துக்கு வரி இல்லை. கட்டடத்தின் பெயருக்கு இல்லை. அந்தக் கட்டடம் விற்பனைக்கு, வாடகைக்கு என்று மாட்டுகிற பலகைக்கும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்கிறவர் தன் கடை முகப்பில் கொலுசு படம் போட்டுக்கொள்ளலாம். அதே கொலுசு படத்தை அஸ்தம்பட்டியில் வேறொருவர் சுவரில் போட்டால் அது விளம்பரம். இந்தப் பிரிவினையைத்தான் நாம் எல்லோரும் மனதில் வைத்துப் பேசுகிறோம், சட்டம் படிக்காதவர்கள்கூட.

ஆனால் அதே சட்டம் உடனே ஒரு முட்டுக்கட்டையும் போட்டது. பலகை வானத்தைப் பின்னணியாக வைத்துத் தெரிகிற மாதிரி கம்பத்திலோ இரும்புச் சட்டத்திலோ நின்றால், அதைத் தனி வகையாகப் பார்த்தது. விளம்பரத்துக்காகப் பறக்கவிடுகிற பலூனும் அந்த வகையில் சேரும். அதற்குள்ளும் ஒரு விலக்கு: கைப்பிடிச் சுவரின் மேல் ஒரே முகமாக, இடைவெளி இல்லாமல், மூன்றடிக்கு மேல் உயராமல் வைத்த பலகை அதில் சேராது. விதி, அதில் விலக்கு, விலக்கில் ஒரு விதி, அதிலும் ஒரு விலக்கு. அந்தக் காலத்திலேயே மொட்டைமாடிப் பலகையைப் பற்றி யாரோ உட்கார்ந்து அடி, அங்குலம் என்று யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சேலம் 1994-இல் மாநகராட்சியானபோது கோவைக்கான 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் இங்கேயும் பொருத்தினார்கள். 2023 ஏப்ரல் 13-இலிருந்து 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும் மாநிலம் முழுக்க நடைமுறைக்கு வந்தன. சட்டத்தின் பெயர் மாறினாலும் கடைக்காரர் மனதில் பதிந்தது பழைய பிரிவினைதான்: "என் கடை, என் பலகை." அதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. அந்தப் பழைய ஏற்பாடு வரியிலிருந்து கிடைத்த விலக்கு. இரும்புச் சட்டம் அடித்துப் பலகை நிறுத்துவதற்கு உரிமம் வேண்டுமா என்பது வேறு கேள்வி. இதற்கிடையில், ஜி.எஸ்.டி.க்காக 2016-இல் அரசியல் சாசனத்தைத் திருத்தியபோது, விளம்பரத்துக்கு வரி போடும் அதிகாரத்தை மாநிலப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். உரிமமும் அதற்கான கட்டணமும் இன்றைக்கும் இருக்கின்றன. வரி இல்லை என்பதை உரிமம் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டவர்கள்தான் பின்னால் நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

உரிமம் வேண்டிய பலகைகளுக்கான விதிகள் 2003-இல் இறுகின. கல்வி நிலையங்கள், பெயர்பெற்ற வழிபாட்டுத் தலங்கள், உள்நோயாளிகள் இருக்கிற மருத்துவமனைகள் ஆகியவற்றுக்கு முன்னால் கூடாது. வரலாற்றுச் சிறப்பு உள்ள இடங்களுக்கு முன்னால் கூடாது. சாலை முனைகளிலும், சந்திப்பிலிருந்து இரண்டு பக்கமும் 100 மீட்டர் வரையிலும் கூடாது. சென்னையின் விளம்பர நிறுவனங்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. 2008-இல் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஓட்டுநரின் கவனம் சிதறுவதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதில் அதற்குப் பிறகு பெரிய சந்தேகம் இல்லை.

அந்த 100 மீட்டரைச் சேலத்துக்குள் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். சந்திப்புகளின் பெயரிலேயே பேட்டைகள் இருக்கிற ஊர் இது: ஐந்து ரோடு, நான்கு ரோடு. ஓமலூர் மெயின் ரோட்டில் இந்த விதிக்கு அர்த்தம் இருக்கிறது. சின்னக்கடை வீதியிலும் அக்ரஹாரத்துப் பக்கமும் நாற்பது தப்படிக்கு ஒரு சந்து வரும். ஒரு சந்திப்பின் 100 மீட்டர் முடிவதற்குள் அடுத்த சந்திப்பின் 100 மீட்டர் தொடங்கிவிடும். எழுத்துப்படி பார்த்தால் பழைய டவுனுக்குள் ஒரு விளம்பரப் பலகைகூட வைக்க முடியாது. அது நல்லதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் கடைக்காரரின் மொட்டைமாடிப் பலகையையும் அதே கணக்கில் சேர்த்தால், அந்தத் தெருவில் பாதிக் கடைகள் ஒரே நாளில் விதிமீறல் பட்டியலில் ஏறும். எல்லோரும் மீறுகிற விதியை யாரும் அமல்படுத்துவதில்லை. அமல்படுத்துகிற அன்று, ஏன் இவருக்கு மட்டும் என்ற கேள்விக்குப் பதிலும் இருக்காது.

விலக்கு எங்கே பிறக்கிறது

பல நாடுகளில் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. அமெரிக்காவில் 1920-களில் மத்திய வணிகத்துறை மாநிலங்களுக்காக ஒரு மாதிரி நில மண்டலச் சட்டம், அதாவது எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கிற சட்டம், எழுதியது. அதில் ஊருக்கு ஊர் ஒரு சரிக்கட்டு வாரியம் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். விதியை அப்படியே பிடித்தால் ஒரு குறிப்பிட்ட மனைக்காரருக்கு மட்டும் தேவையில்லாத கஷ்டம் வரும் என்றால், அந்த வாரியம் விதியைத் தளர்த்தலாம். கஷ்டம் மனையின் அமைப்பால் வந்திருக்க வேண்டும். சொந்தக்காரர் தானே வரவழைத்துக்கொண்டதாக இருக்கக் கூடாது. பக்கத்து மனைக்காரர்களுக்குத் தகவல் போகும், அவர்கள் வந்து ஆட்சேபம் சொல்லலாம். வாரியம் தந்தாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத வேண்டும். வணிகப் பலகைகளின் உயரம், அகலம், சாலையிலிருந்து தூரம் பற்றிய விலக்குகள் அங்கே பெரும்பாலும் இந்த வழியில்தான் போகின்றன. அந்த வாரியங்கள் எல்லாம் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளூர் செல்வாக்கு அங்கேயும் வேலை செய்யும். ஆனால் காகிதம் இருக்கிறது.

பிரேசிலின் சாவ் பாவ்லோ இதற்கு நேர் எதிரான வழியில் போனது. 2007-இன் தொடக்கத்திலிருந்து நகரத்துக்குள் வெளிப்புற விளம்பரமே கூடாது என்று சட்டம் போட்டு, கடைகளின் சொந்தப் பெயர்ப்பலகைக்கு மட்டும் அளவு கொடுத்தது. முகப்பு 10 மீட்டருக்குக் குறைந்தால் பலகை ஒன்றரை சதுர மீட்டருக்குள், அதற்கு மேல் 100 மீட்டர் வரை முகப்பு இருந்தால் 4 சதுர மீட்டருக்குள். பேரம் இல்லை. நம் கடை வீதியில் இந்தக் கணக்கைப் போட்டால் முக்கால்வாசிப் பலகைகளைப் பாதியாக அறுக்க வேண்டியிருக்கும்.

நம் பக்கம் இரண்டுமே இல்லை. கடைப் பலகைக்கென்று விண்ணப்பம் வாங்கி, அக்கம்பக்கத்தை விசாரித்து, காரணம் எழுதி விலக்கு தருகிற வாரியம் இங்கே கிடையாது. அதற்குப் பதிலாக விலக்கு பல கதவுகளில் ஒளிந்திருக்கிறது. சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்த விலக்கைப் பார்த்தோம். இன்னொரு கதவு கோட்டையில், நம் சேலம் கோட்டையில் இல்லை, சென்னைக் கோட்டையில். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு, எந்த நிலத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்குத் தர மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. இது கட்டடங்களுக்கான பிரிவு, பலகைகளுக்கானது இல்லை. ஆனாலும் விலக்கு என்ற விஷயம் எங்கே கெட்டுப்போகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1987 ஜூலையிலிருந்து 1988 ஜூன் வரை, ஒரே வருடத்தில், இந்தப் பிரிவின் கீழ் அரசு 62 ஆணைகள் போட்டது. அடுக்குமாடிக் கட்டடங்களுக்குத் தள அளவிலும் பக்க இடைவெளியிலும் வண்டி நிறுத்தத்திலும் தளர்வு. ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது பிரிவு செல்லும் என்றது. ஆனால் அரசு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய விதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஏன் இந்தக் கட்டடத்துக்கு விலக்கு, அதனால் பொதுமக்களுக்கு என்ன பாதிப்பு என்று யோசித்ததற்கான தடயமே ஆணைகளில் இல்லை என்பதுதான் குறை. விலக்குத் தரும் அதிகாரமும் சட்டத்தின் நோக்கத்துக்குள்தான் அடங்கும், காரணம் சொல்லாத விலக்கு நிற்காது. இந்த நியாயம் பத்து மாடிக் கட்டடத்துக்கு எப்படியோ, அப்படித்தான் பத்தடிப் பலகைக்கும்.

மூன்றாவது கதவுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஆனால் அதிகம் பேர் போவது அதன் வழியாகத்தான். யாரும் அனுமதி தருவதில்லை, யாரும் தடுப்பதும் இல்லை. வார்டில் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டால் நகரமைப்புப் பிரிவு அந்தப் பக்கம் வராது. ஆடிப் பண்டிகை வந்தால் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றி அலங்கார வளைவும் சீரியல் செட்டும் எழும். சாமி காரியம், யாரும் கேட்பதில்லை. அதில் கீழே சின்னதாக ஒரு நகைக்கடையின் பெயர் இருக்கும். அப்புறம் கட்சி, கல்யாணம், காதுகுத்து. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் வைத்திருந்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன சுபஸ்ரீ தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தபோது மாநிலமே கொதித்தது. பேனர் வைக்க மாட்டோம் என்று கட்சிகள் அறிவித்தன. கொஞ்ச காலம் ஊர் சுத்தமாக இருந்தது. 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே பெரிய விளம்பரப் பலகை இரும்புச் சட்டத்தோடு சாய்ந்து, அதில் வேலை செய்த தொழிலாளர்கள் 3 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்க அகற்றும் வேலை நடந்தது. இப்படிச் சாவு ஒன்று நடந்தால் விறைப்பதும் பிறகு தளர்வதுமாகவே அமலாக்கம் போகிறது. அதில் முதலில் அடிவாங்குவது செல்வாக்கு இல்லாத சின்னக் கடைதான். ஜே.சி.பி. வருகிற அன்று அவருக்குச் சொல்ல ஆள் இருக்காது.

ஒரு பலகை, நான்கு அலுவலகம்

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மாநகராட்சி ஆணையரே மனமிரங்கி எழுத்தில் விலக்குத் தந்தாலும் அது முழு விலக்கு ஆகாது. சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பார்க்க வேண்டும். சேலத்தைச் சுற்றி 44, 544, 79 எண் தேசிய நெடுஞ்சாலைகள் போகின்றன. நகரத்துக்குள் வரும் பெரிய சாலைகள் பலவும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கிற இந்தியச் சாலைகள் பேராயம் 1972-இல் வெளியிட்ட சாலையோர விளம்பரக் கொள்கையும் சந்திப்பிலிருந்து 100 மீட்டர் என்றே சொல்கிறது. நகரப் பகுதியில் அதை 50 மீட்டராகக் குறைக்கலாம் என்று ஒரு தளர்வும் தருகிறது. போக்குவரத்துக் காவல்துறை தடையின்மைச் சான்று தர வேண்டும்.

எழுத்து என்ன மொழியில் இருக்க வேண்டும் என்பது தொழிலாளர் துறையின் விஷயம். 1948-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் வர வேண்டும், மற்ற மொழிகள் அதற்குப் பின். அளவு 5:3:2 விகிதம் என்று அதிகாரிகள் சொல்வார்கள்: தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, பிற மொழி இரண்டு. சாரதா கல்லூரி சாலையில் கிளை திறக்கிற பெரிய பிராண்டுகள், "எங்கள் லோகோ உலகம் முழுக்க இப்படித்தான்" என்பார்கள். அதற்கு மாநகராட்சி விலக்குத் தரவே முடியாது, ஏனென்றால் அந்த விதி அதனுடையது இல்லை. மொட்டைமாடிக்கு ஏறிய பலகையும் தமிழில்தான் ஏற வேண்டும்.

சரி, விலக்குக் கேட்கத் தகுதி உள்ளவர் யார்? ஐந்து ரோட்டுக் கடைக்காரரையே எடுத்துக்கொள்வோம். பாலம் அரசு கட்டியது. அவர் கடை அதற்கு முன்பே இருந்தது. தூண் மறைப்பதை யார் வேண்டுமானாலும் நேரில் போய்ப் பார்க்கலாம். கஷ்டம் இடத்தினால் வந்தது. அவருக்குக் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை, தன் கடைப் பெயர் மட்டும், பாலத்தில் வருகிற ஓட்டுநரின் கண்ணைக் கூசாத வெளிச்சத்தில் அனுமதிக்கலாம் என்பது என் கருத்து. வேறு கம்பெனியின் விளம்பரம் அதில் ஓடக் கூடாது. பாலம் திறந்த பிறகு, பாலத்திலிருந்து நன்றாகத் தெரிகிறதே என்பதற்காகவே அங்கே கட்டடம் வாடகைக்கு எடுத்தவருக்கு இந்த நியாயம் கிடையாது. இரண்டு பேருடைய பலகையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால்தான் காரணம் காகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் பிரச்சினை உயரம் இல்லை, நீட்டம். தெரு குறுகல். நேராக நின்று படிக்க இடமில்லை என்பதால் பலகையைச் சுவரிலிருந்து தெருப்பக்கம் நீட்டி, பக்கவாட்டில் வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டுகிறார்கள். லீ பஜாருக்கு மூட்டை ஏற்றி வருகிற லாரி உயரமாக வந்தால் அந்தப் பலகை உடையும், அல்லது மூட்டை கிழியும். தெருவின் மேல் நீளுகிற எதற்கும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும் என்பது பழைய விதி. இங்கே கடைக்கு ஒன்றாக விலக்குத் தருவதைவிடத் தெருவுக்கு ஒரே அளவு வைப்பது சுலபம். தரையிலிருந்து இத்தனை உயரத்துக்கு மேல், சுவரிலிருந்து இத்தனை அங்குலத்துக்குள், எல்லோருக்கும். தேரோட்டத்தின்போது வீதியில் குறுக்கே நிற்பதையெல்லாம் கழற்றி வைக்கிற பழக்கம் ஊருக்கு ஏற்கனவே இருக்கிறது. முடியாத காரியம் இல்லை.

மலைமேல் கதை வேறு. ஏற்காடு மாநகராட்சி எல்லைக்குள் இல்லை. அது தனி தாலுகா, தனி ஊராட்சி ஒன்றியம். மலைப்பகுதிப் பாதுகாப்புக்காக 1990-இல் அரசு அமைத்த குழுமத்தின் கீழ் வருகிற இடம். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் விடுதிக்காரர்களுக்கு ஒரு பலகை வைக்க ஆசை. வண்டி அங்கேதான் மெதுவாகும், படிக்க நேரம் இருக்கும். அதனால்தான் அங்கே கூடவும் கூடாது. எதிரே வருகிற பஸ்ஸைப் பார்க்க வேண்டிய கண் அது. விடுதிக்காரர் சொல்லும் நியாயமும் உண்மைதான். எஸ்டேட் சாலைக்குள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற விடுதியை மூடுபனியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வெளிச்சத்தைக் கூட்டினால் பனி அதை வாங்கி ஓட்டுநரின் முகத்திலேயே திருப்பி அடிக்கும். இங்கே தனித்தனி விலக்கு கொடுத்தால் ஐம்பது பலகை வரும். பிரிவுச் சாலை முனையில் ஒரே கம்பம், அதில் எல்லா விடுதிகளின் பெயரும் ஒரே அளவில், இரவில் ஒளி பட்டால் மின்னும் எழுத்தில், அம்புக்குறியோடு: இதை ஒன்றியமும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து செய்தால் விலக்குக் கேட்க யாருக்கும் காரணமே இருக்காது. மே மாதக் கோடை விழாவுக்கு வைக்கிற வளைவுகள் விழா முடிந்ததும் இறங்க வேண்டும் என்பதையும் அனுமதிக் கடிதத்திலேயே தேதியோடு எழுதிவிடலாம்.

சேலம் கடைக்காரர் இன்றைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், வாய்மொழி அனுமதியை நம்பாமல் மனு எழுதுவதுதான் என் பதில். ஆணையருக்கு ஒன்று, மண்டல அலுவலகத்துக்கு ஒரு நகல். அதாவது சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி இந்த நான்கில் எதுவோ அதற்கு. பலகையின் அளவு போட்ட வரைபடம், தெருவிலிருந்தும் பாலத்திலிருந்தும் எடுத்த போட்டோ, கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், இரும்புச் சட்டம் காற்றைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளர் தந்த சான்று. கடைசிச் சான்றுக்குச் செலவு ஆகும் என்று பலர் தவிர்க்கிறார்கள். ஆடிக் காற்று அடிக்கிற ஊரில் அது தவிர்க்கக் கூடாத செலவு. மனுவுக்கு ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் அந்தக் கடிதம்தான் தொடக்கம். பக்கத்துக் கடைக்கு எப்படிக் கிடைத்தது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கோப்பு இருந்தால் நகல் வரும். இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பலகை எந்தக் கதவு வழியாக ஏறியது என்பது தெரிந்துவிடும்.

மாநகராட்சி தன் பக்கம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இதுவரை பலகைகளுக்குத் தந்த அனுமதிகளையும் தளர்வுகளையும் வார்டு வாரியாகப் பட்டியல் போட்டு, மாமன்றக் கூட்டப் பொருளில் காரணத்தோடு வைக்கலாம். ஒவ்வொரு அனுமதியும் கட்டடத்துக்கா, வாடகைக்காரருக்கா என்பதையும் அதில் எழுத வேண்டும். கடை காலியானால் பலகையை எடுத்துக்கொண்டு போகிறார்கள், இரும்புச் சட்டத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். துருவேறி ஒருநாள் விழப்போவது அதுதான். அதைக் கழற்றுகிற செலவு யாருடையது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதுகிற உரிமையாளர்கள் குறைவு. மாநகராட்சி அனுமதி தரும்போதே அந்தச் செலவுக்கு ஒரு வைப்புத்தொகை வாங்கிக்கொண்டால், அந்தத் தகராறு அங்கேயே முடிந்துவிடும்.